நாலு கண் நாயும் நிறுத்தக் கூடாத வண்டியும்

சவ வண்டி ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நேரில் நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை டிரைவர்கள் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு தடவை வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். முதுகில் தட்டு விலகிப்போய், இறங்க வேண்டிய வயதுக்கு முன்பே வண்டியை விட்டு இறங்கியவன் நான்.

ஐஸ் பெட்டியை எப்படித் தூக்குவது, வண்டியை எதை ஊற்றிக் கழுவுவது, ஆஸ்பத்திரியில் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதெல்லாம் ஏழுமலை உங்களுக்குச் சொல்லித் தருவான். என்னோடு பல வருஷம் வண்டியில் வந்தவன் அவன். நான் சொல்ல நினைப்பது வேறு. சாவு வீட்டில் என்றைக்காவது ஒருவர் உங்களிடம் ஒன்று கேட்பார். கேட்டதும் தூக்கிவாரிப் போடும். இப்படியும் கேட்பார்களா என்று இருக்கும். அந்த மாதிரி ஒரு நாள் எனக்கு மரக்காணத்தில் வந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இந்தத் தொழிலில் இரண்டு விஷயம் வேதவாக்கு. ஒன்று, சாவு வீட்டு வாசலில் வண்டி நின்றதும் முதலில் நாயை விரட்ட வேண்டும். இரண்டாவது, உடலை ஏற்றிய வண்டி போய்ச் சேரும் இடம் தவிர எங்கேயும் நிற்கக் கூடாது, நின்றால் வண்டிக்காரனுக்கு ஆகாது என்பார்கள். டீசல் போடுவதானாலும் காற்று பிடிப்பதானாலும் ஏற்றுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டையும் நான் மீறியதே கிடையாது.

அன்றைக்குக் காலையில் வந்த போன் பக்கத்து ஊரான கூனிமேட்டைச் சேர்ந்த பாய் ஒருவருடையது. மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரமாக அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதில் வயதான ஒரு பார்சித் தம்பதி குடியிருந்தார்கள். கணவர் பெயர் சொராப். உப்பை அரைத்து அயோடின் கலக்கும் ஆலைக்கு மெஷின் பார்க்க குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர், வேலை முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். மனைவிக்குக் கடல் பிடித்திருந்ததாம். பிள்ளைகள் இல்லை. அந்த அம்மா பெயர் பானு. பெயரைக் கேட்டுத் தம் ஆட்கள் என்று நினைத்துத்தான் பாய் வீட்டைக் கொடுத்தாராம். உள்ளே எந்நேரமும் ஒரு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு இந்துக்கள் போலிருக்கிறது என்று நினைத்தாராம். கோயில் பக்கமே போகாததைப் பார்த்து அதுவும் இல்லை என்று தெரிந்து, "நல்ல மனுஷங்க, அது போதும்பா" என்று விட்டுவிட்டாராம். அந்தப் பானு அம்மாதான் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நாங்கள் போய் நின்றதும் ஏழுமலை வழக்கம்போல இறங்கி, கேட் ஓரம் படுத்திருந்த செவலை நாயைக் கம்பெடுத்து விரட்டினான். அது குரைத்துக்கொண்டே சவுக்குத் தோப்புக்குள் ஓடியது.

உள்ளே அழுகைச் சத்தமே இல்லை. அந்த அம்மாவைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி உடுத்தித் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. தலைமாட்டில் நெய் விளக்கு. சொராப் சாரும் வெள்ளை உடையில் சுவரோரம் நின்றிருந்தார். நல்ல உயரம், லேசான கூன். அவர் பேசினால் ஆச்சரியமாக இருக்கும். உப்பளத்து ஆட்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவர், அதனால் அவர்களைப் போலவேதான் பேசுவார்.

"வாப்பா. பெட்டியெல்லாம் வேணாம். நேரா மெட்ராஸ். எங்க ஆளுங்களைப் பொதைக்க அங்க ஒரு இடம் இருக்குது. சூரியன் இறங்கறதுக்குள்ள போயாகணும். இருட்டிட்டா செய்ய மாட்டாங்க, அப்புறம் நாளைக்குத்தான்."

"நாளைக்கு வரைக்கும் வச்சிருக்க வேணாங்க சார். மதியத்துக்குள்ள கிளம்பிட்டா போயிடலாம்."

"கிளம்பலாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை பாக்கி இருக்குது. ஒரு நாய் வேணும்."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"நாய்ங்களா சார்?"

"ஆமாம்பா. அவளைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரு நாய் வந்து அவ முகத்தைப் பார்க்கணும். எந்த நாயும் ஆகாது. கண்ணுக்கு மேல ரெண்டு பொட்டு இருக்குமே, நாலு கண்ணு நாய், அதுதான் வேணும்."

ஏழுமலை பிடித்திருந்த ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை தரையில் விழுந்தது.

நீங்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். சொல்லாமலே தெரியும். ஆனாலும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கறுப்பு நாயில் சிலதுக்குப் புருவம் இருக்கும் இடத்தில் பழுப்பாக இரண்டு புள்ளி இருக்கும். கீழே உள்ள இரண்டு கண் நம்மைப் பார்க்க, மேலே உள்ள இரண்டும் எமனைப் பார்க்க என்று எங்கள் பிரம்மதேசம் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். தெருவில் ஒரு சாவு விழுந்தால் அந்த மாதிரி நாய் வைத்திருப்பவர்கள் முதலில் அதைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள். அது பிணத்தைப் பார்த்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் எமனையும் பார்த்துவிடும், பார்த்த பழக்கத்தில் அவனை வீடுவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிடும் என்று பயம். அப்படிப்பட்ட நாயைச் சாவு வீட்டுக்குள் கொண்டுவா என்று ஒருவர் கேட்கிறார். அதுவும் சொந்த மனைவியின் முகத்தைப் பார்க்க.

மாந்திரீகமோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். ஏழுமலை நினைத்ததோடு நிற்கவில்லை.

"சார், நாய் வந்து பொணத்தை என்னா பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாதுப்பா. பார்க்கும். அவ்வளவுதான். உடம்பை விட்டு உசிரு போனதும் ஒரு கெட்டது வந்து அதுல உக்காந்துக்கும்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. நாய் பார்த்தா அது ஓடிடும். இவ போற வழியில ஒரு பாலம் இருக்குது. அங்கயும் நாய்ங்க காவல் நிக்கும். இப்பல்லாம் எங்க ஆளுங்களே பாதிப் பேர் இதைச் செய்யறதில்ல. எனக்கும் பெரிசா நம்பிக்கை இல்ல. ஆனா இவ கேட்டா. மூணு நாளா பேச்சு வரல. வந்தப்போ இதைத்தான் கேட்டா. மணி என்னைப் பார்க்கட்டும்னா."

மணி என்பது ஒரு நாயின் பெயர். உப்பளத்தில் வேலை செய்யும் சரோஜா என்ற பெண் வளர்த்த நாய். பானு அம்மா தினமும் காலையில் சாலையோரமாக நடந்து உப்பளம் வரைக்கும் போவாராம். வீட்டில் சுட்ட ரொட்டியில் முதல் துண்டை யாரும் தொடுவதற்கு முன்னால் எடுத்துவைத்து அந்த நாய்க்குக் கொடுப்பாராம். அவர்கள் வழக்கம் அது, சாப்பாட்டில் முதல் பங்கு நாய்க்கு. நம் வீட்டில் சாப்பாடு ஆனதும் காக்காய்க்கு ஒரு பிடி வைக்கிறோமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வண்டிக்காரன் வேலை தூக்குவது, கொண்டுபோய் இறக்குவது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு, பாய் வீட்டு ஆள் ஒருவரின் பைக்கை வாங்கி, ஏழுமலையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாத்திகளில் உப்பு கண்ணைக் கூச வைத்தது. சரோஜா பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளோடு நான்கைந்து பெண்கள். மணி வரப்பின் மேல் படுத்திருந்தது. கறுப்பு நாய், கண்ணுக்கு மேலே இரண்டு புள்ளி, யாரோ சந்தனம் வைத்துவிட்ட மாதிரி.

எங்களைப் பார்த்ததும் ஒருத்தி கத்தினாள். "ஏய் சரோஜா, சாவு வண்டிக்காரங்க வர்றாங்கடி. யாரும் கூப்பிடலியே."

"ஏம்பா ஏழுமலை, இங்க யாரும் இன்னும் போகலப்பா. உப்புல ஊறிக் கிடக்கறோம், நாங்க கெட்டே போக மாட்டோம்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சரோஜா சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. பலகையைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். எனக்குக் காரணம் புரியவில்லை. பெண்களிடம் பேசுவதென்றால் எனக்கு எப்போதும் தரையைப் பார்த்துத்தான் வரும். தரையைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னேன். பானு அம்மா போனதைச் சொன்னதும் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாயைக் கேட்டதும் கையை எடுத்தாள்.

"என்னாண்ணா சொல்றீங்க? மணியையா? செத்த ஊட்டுக்கா?"

"ஆமாம்மா. அந்தம்மா ஆசைப்பட்டுக் கேட்டுச்சாம்."

"அண்ணா, என் ஊட்டுக்காரரு கட்டில்ல கெடக்கறாரு. பாண்டி ஆஸ்பத்திரியில ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிட்டாங்க. உங்களைப் பார்த்ததும் அவருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். எனக்கு உசிரே இல்ல. இப்ப இவனைக் கூட்டிட்டுப் போயி அங்க எமனைக் காட்டச் சொல்றீங்க. சாயந்தரம் இவன் என் ஊட்டுக்குத்தானே வருவான்? யாரைக் கூட்டிக்கிட்டு வருவான்?"

ஏழுமலைதான் ஏதோ சொல்லப் பார்த்தான். "அவங்களுக்கு அது நல்லதாம்மா. நாய் பார்த்தா கெட்டது ஓடிடுமாம்."

"அவங்களுக்கு ஓடும். எங்களுக்கு வரும். அந்தம்மா தங்கம்ண்ணா, நான் இல்லன்னு சொல்லல. என் தாலியைக் கேட்காதீங்க."

திரும்பி நடந்தோம். பைக் அருகே வந்ததும் ஏழுமலை குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணா, டீக்கடையில நாலு பொறை பிஸ்கட் வாங்கிட்டு வரேன். நாய் தானா பின்னாடி வரும். அஞ்சு நிமிஷம் காட்டிட்டு விட்டுடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது."

மறைக்காமல் சொல்கிறேன், அந்த யோசனை எனக்கும் அப்போது பிடித்திருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது. நாய்க்கு என்ன தெரியும், எமனாவது ஒன்றாவது என்று மனசு சொன்னது. ஆனால் அப்படிச் செய்துவிட்டு, நாளைக்கே அந்த மனிதருக்கு ஏதாவது ஆகி, எங்கள் வண்டியையே அவள் வீட்டுக்குக் கூப்பிட்டால்? அவள் நம்புவது உண்மையோ பொய்யோ, அந்த வாசலில் போய் நிற்கப் போவது நான்தானே. "வேணாம்டா" என்றேன். "நம்ம தொழில்ல எல்லா ஊட்டுக்கும் ஒருநாள் போயாகணும்."

போய் சொராப் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"அந்தப் பொண்ணு சொல்றது சரிதாம்பா. அவளும் இதே நாயைத்தான் சொல்றா. உங்க எமனுக்கு ரெண்டு நாய் இருக்குது, தெரியுமா? நாலு கண்ணு. உங்க பழைய வேதத்திலயே இருக்குது. எங்க பாலத்துல நிக்கறதும் அதே நாய்ங்கதான்."

"எமனை உங்களுக்கும் தெரியுமா சார்?"

"தெரியுமாவா? உங்க எமனோட அப்பா யாரு?"

"சூரியன்னு கூத்துல சொல்லுவாங்க."

"வேதத்துல அவருக்கு விவஸ்வான்னு பேரு. எங்க கதையில விவங்வந்த். மகன் பேரு யிமா. உங்களுக்கு முதல்ல செத்தவன், எல்லாருக்கும் வழி காட்டிட்டுப் போனவன் எமன். எங்களுக்கு அவன் முதல் ராஜா. அவன் ஆண்டப்போ சாவும் இல்ல, கிழடும் இல்லன்னு சொல்லுவாங்க."

எமனை ராஜாவாக வைத்திருக்கிறார்கள். அவன் ஆண்டபோது சாவே இல்லையாம். எருமை மேல் கயிற்றோடு வருகிறவனைத்தான் எனக்குத் தெரியும். என் வண்டிக்கு முன்னால் போகிறவன் அவன்.

அவர் இன்னும் ஒன்று சொன்னார். அதைக் கேட்டு ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டான். "எங்க பழைய புஸ்தகத்துல தேவன்னா பிசாசு. அசுரன்னுதான் நாங்க சாமியைக் கூப்பிடறோம். நீங்க தலைகீழா வச்சிருக்கீங்க. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி உங்க வேதக்காரங்களும் எங்க ஆளுங்களும் ஒரே ஊட்டுல இருந்தவங்கப்பா. பாகம் பிரிஞ்சப்போ சாமியை ஆளுக்கொரு பக்கமா மாத்தி வச்சுக்கிட்டாங்க. நாய் மட்டும் ரெண்டு பக்கமும் அதேதான். நாங்க துணைக்குக் கூப்பிடறோம். நீங்க பயந்து கட்டி வைக்கறீங்க."

"அப்போ உங்க சாமியைத்தான் சார் நாங்க கூத்துல வருஷா வருஷம் கொன்னுக்கிட்டு இருக்கோமா?" என்றான் ஏழுமலை. பயத்தில் கேட்டானா கிண்டலாகக் கேட்டானா தெரியாது. அந்த வீட்டில் அன்றைக்கு முதல் முறையாக சொராப் சார் சிரித்தார். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, விடு. தூக்கலாம். அவகிட்ட நான் சொல்லிக்கறேன். கேட்டேன், கிடைக்கலன்னு."

மனைவியின் பக்கத்தில் குனிந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். என்னால் அதை நின்று பார்க்க முடியவில்லை. வெளியே வந்து வண்டியின் பின்கதவைத் திறந்தேன். திறக்கும்போதுதான் தோன்றியது. சென்னைக்குப் போகிற சாலை உப்பளத்தை ஒட்டித்தான் போகிறது. நாய் சாவு வீட்டுக்கு வர வேண்டாம். சாவு நாயைத் தாண்டித்தான் போகப்போகிறது.

ஆனால் அதற்கு, உடல் ஏற்றிய வண்டியை நான் வழியில் நிறுத்த வேண்டும். நினைத்ததுமே திறந்த கதவை மறுபடி சாத்தப் போனேன். சரோஜாவின் பயத்தை மூடநம்பிக்கை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டவன், என் பயத்துக்குத் தொழில் சுத்தம் என்று பேர் வைத்திருந்தேன் என்பது அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் தெரிந்தது.

சொராப் சாரிடம் போய்க் கேட்டேன். "வழியில பார்த்தா கணக்காகுமா சார்?"

நிமிர்ந்து பார்த்தார். "ஆகும்பா. முன்னெல்லாம் ஒரு தடவையோட விட மாட்டாங்க, வழியிலயும் காட்டுவாங்க. முகம் மட்டும் தெரியணும்."

ஏழுமலையை பைக்கில் முன்னால் அனுப்பினேன். சரோஜாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். வண்டி உப்பளத்துப் பக்கம் நிற்கும். பின்கதவு திறக்கும். அவள் நாயைக் கட்டி வைத்தாலும் சரி, எங்கேயாவது கொண்டுபோய் மறைத்தாலும் சரி, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவோம். தெரியாமல் செய்யக் கூடாது என்பதற்காக மட்டும்தான் சொல்லி அனுப்புகிறோம்.

பாயும் பக்கத்து வீட்டு ஆட்களும் கை கொடுக்க, அந்த அம்மாவை ஏற்றினோம். சொராப் சார் பின்னால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வண்டி கடற்கரைச் சாலையில் ஏறியது. ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் சாலையை விட்டு இறக்கி நிறுத்தினேன். என்ஜினை மட்டும் அணைக்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வரப்பில் ஏறி நின்றார்கள். இப்போது யாரும் கிண்டல் பேசவில்லை. "சரோஜா, வேணாம்டி, தூரப் போடி" என்று மட்டும் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சரோஜா சாலையோரம் உட்கார்ந்திருந்தாள். நாய் அவள் மடிக்கு முன்னால் நின்றது. ஒரு கையால் அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையை அதன் நெற்றியில் வைத்திருந்தாள். கிட்டே போனதும்தான் அவள் செய்திருப்பது எனக்குத் தெரிந்தது. உள்ளங்கையை அகலமாக விரித்து மேலே இருந்த இரண்டு புள்ளியையும் மூடிவிட்டாள். கீழே இருந்த இரண்டு கண் மட்டும் திறந்திருந்தது.

இங்கே ஒரு சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். சொராப் சாருக்கு வேண்டியதே அந்த மேல் கண்தான். அவளுக்குப் பயமே அந்த மேல் கண்தான். வண்டி நிற்கிறது, வெயில் கொளுத்துகிறது, சென்னையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். பின்கதவைத் திறந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சொராப் சார் வெள்ளைத் துணியை முகத்திலிருந்து விலக்கினார். பிறகு இறங்கி வந்து சரோஜாவின் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"ஐயா, கோச்சுக்காதீங்க" என்றாள் சரோஜா. தலை நிமிரவில்லை. "இதுக்கு ரொட்டி போட்ட அம்மாவை இது பார்க்கட்டும். அதை நான் தடுக்க மாட்டேன். மேல ரெண்டும் வேணாங்கய்யா. கீழ் ரெண்டு கண்ணு போதாதுங்களா?"

கதவைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. பிறகு, "போதும்மா" என்றார். "உன் ஊட்டுக்காரர் நல்லா இருக்கணும். இது போதும்."

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. சரோஜாவும் நினைக்கவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் முதல் முறையாக வண்டிக்குள் பார்த்தாள்.

மணி எந்த வண்டியைக் கண்டாலும் குரைக்கும் நாயாம். அன்றைக்குச் சத்தமே போடவில்லை. வண்டியை நெருங்கி, முன்னங்கால் இரண்டையும் அதன் படியில் தூக்கி வைத்தது. வால் ஆடவில்லை. காதை முன்னால் வளைத்துக்கொண்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தது. சரோஜாவும் அதோடு எழுந்து வந்து நின்றாள், நெற்றியில் வைத்த கையோடு.

"காலைல வெறும் வயித்தோட வேலைக்கு வருவேன்னு இந்தம்மாவுக்குத் தெரியும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. "நாய்க்குன்னு கொண்டு வரும். அந்த ரொட்டிக்குக் கீழ ஒரு பொட்டலம் இருக்கும். என்னான்னு கேட்டா, அது உனக்கில்ல, நாயை வளர்க்கறவளுக்குன்னு சொல்லும்."

வரப்பிலிருந்து மறுபடியும் சரோஜா, சரோஜா என்று கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறந்து, போதும்மா, கிளம்பறோம் என்று சொல்லப் போனேன்.

அதற்குள் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"பார்த்துக்கோடா" என்றாள் நாயிடம். "நல்லாப் பார்த்துக்கோ."

நாய் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொராப் சார் கைகளைக் கூப்பிக்கொண்டு உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு நாய் தானாகவே காலை இறக்கிக்கொண்டு சரோஜாவின் காலடியில் போய் உட்கார்ந்தது. சரோஜா அதைக் கட்டிக்கொண்டு குரலெடுத்து அழுதாள். யாருக்காக அழுதாள் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

சொராப் சார் ஏறிக்கொண்டதும் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன். சென்னைக்குப் போய்ச் சேரும்போது வெயில் இருந்தது. அவர்கள் ஆட்கள் வெள்ளை உடையில் வாசலில் காத்திருந்தார்கள். நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார்கள். வழியில் நின்றதை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

தம்பிகளே, இதை நான் யாரிடம் சொன்னாலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். சரோஜாவின் வீட்டுக்காரர் என்ன ஆனார் என்று. எனக்குத் தெரியும். ஏழுமலைக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்ல மாட்டோம். சொன்னால் உங்களில் ஒருவன், பார்த்தாயா, நாய் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது என்பான். இல்லையென்றால் இன்னொருவன், பார்த்தாயா, நாய் விரட்டிவிட்டது என்பான். அதோடு அவளை மறந்துவிடுவீர்கள். நெற்றியிலிருந்து கையை எடுத்தபோது அவளுக்கு இரண்டில் எது நடக்கும் என்று தெரியாது.